வாடகைக்கு விட்ட வீடு யாருடையது?
மேற்கு மாம்பலத்து வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

ஆரிய கௌடா சாலை, லேக் வியூ சாலை வட்டாரத்தில் சொந்த வீடு வைத்துக்கொண்டு, அதில் ஒரு போர்ஷனையோ மாடியையோ, அபார்ட்மென்டில் ஒரு சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட்டையோ வாடகைக்கு விடும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நானும் அம்மாவும் பல வருடங்களாக இந்தப் பேட்டையில்தான் குடியிருக்கிறோம். தெரு மாறியிருக்கிறோம், பேட்டை மாறியதில்லை. மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்து போய்விடலாம். காய்கறி வாசலிலேயே கிடைக்கும். அம்மாவுக்கு அயோத்தியா மண்டபத்துக் கச்சேரியும் உபன்யாசமும் இல்லாமல் ஒரு வாரம் ஓடாது. கொஞ்சம் மழை பெய்தால் துரைசாமி சப்வே மூழ்கிவிடும் என்பது தெரிந்தும், இந்த ஊரை விட்டுப் போக எங்களுக்கு மனசு வந்ததில்லை. நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்து சொந்தம் கொண்டாடுகிறீர்கள். நாங்கள் வாடகை கொடுத்துச் சொந்தம் கொண்டாடுகிறோம். அந்தப் பிரியத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை.

ஒரு படுக்கையறை வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். புதிதாகக் கல்யாணமானவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பழகிய கோயிலையும் டாக்டரையும் விட முடியாத வயதான தம்பதிகள். கணவர் போன பிறகு சின்ன வீடு போதும் என்று வரும் அம்மாக்கள். ஆஸ்பத்திரி நர்ஸுகள், ரங்கநாதன் தெருக் கடைகளில் கணக்கு எழுதுபவர்கள், ஜூனியர் வக்கீல்கள், சினிமாவில் உதவி இயக்குநர்கள், என்னைப் போல ஒற்றைச் சம்பளத்தில் தாயை வைத்துக் காப்பாற்றுபவர்கள். பெரிய ஃபிளாட் தேடுகிறவருக்குப் பேரம் பேசத் தெம்பு இருக்கும், சில சமயம் கம்பெனியே வாடகை கட்டும். எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. நீங்கள் ‘காலி பண்ணுங்கோ’ என்றால், அடுத்த மாதம் அம்மாவை எங்கே படுக்கவைப்பது என்பதுதான் எங்கள் முதல் கவலை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வீட்டின் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால், சாவியைக் கொடுத்து வாடகை வாங்கத் தொடங்கிய நாள் முதல் அந்தச் சாவியைத் திரும்ப வாங்கும் நாள் வரை அது நாங்கள் வாழும் வீடு. அந்தக் காலம் முழுக்க அதன் கதவு எங்கள் கதவு, அடுப்பு எங்கள் அடுப்பு. இதை நீங்கள் ஒப்புக்கொண்டால் நமக்குள் இருக்கும் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வீடு பார்க்க வரும் நாளில் இருந்தே தொடங்குகிறேன். டு-லெட் போர்டைப் பார்த்து, போன் செய்து, நேரம் கேட்டு வருகிறோம். எத்தனை பேர், என்ன வேலை, எங்கே வேலை என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். வாடகை ஒழுங்காக வருமா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கேள்விகள் அங்கே நிற்பதில்லை. “சொந்த ஊர் எது?” என்பது ஊரைத் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். “என்ன ஆளுங்க நீங்க?” என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு. “ஏன் இன்னும் கல்யாணம் ஆகலே?” “ராத்திரி எத்தனை மணிக்கு வருவே?” “யாராவது அடிக்கடி வந்துண்டு இருப்பாளா?” என்று என் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு என்னைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெண் ஒழுங்கானவள் என்று முன்பின் தெரியாதவரிடம் சாட்சி சொல்ல வேண்டிய வயதா அவளுக்கு?

எனக்கு இவ்வளவு என்றால், என்னுடன் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். போனில் வாடகை பேசி முடித்தாகிவிட்டது. வீட்டைப் பார்த்தாகிவிட்டது, பிடித்தும் விட்டது. அட்வான்ஸ் தொகைக்கு ரசீது எழுத முழுப் பெயரைக் கேட்டார்கள். சொன்னாள். முஸ்லிம் பெயர். “வீட்டில் கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்றவர்கள் மறுநாள் “முடிஞ்சுடுத்தும்மா” என்றார்கள். அந்த போர்டு அடுத்த வாரமும் அதே கேட்டில் தொங்கியது. அவள் கோபப்படவில்லை. “எனக்கு இது பழக்கம்தான்” என்றாள். ஒருத்தி தன் சொந்த ஊரில் இதைப் பழகிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் என்னை இந்த மடலை எழுதத் தூண்டியது.

இது ஒரு தெருவின் கதை மட்டும் இல்லை. டெல்லி வட்டாரத்தில் வீடு கேட்பது போலப் போனிலும் நேரிலும் விசாரித்து, சுக்தேவ் தோரட்டும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் ஒரு ஆய்வு நடத்தினார்கள். 2015-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் அது வெளிவந்தது. மற்ற தகுதி எல்லாம் ஒன்றாக இருந்தும் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் பெயரைக் கேட்டதும் வீடு மறுக்கப்படுவதை அது பதிவு செய்தது. நம் சென்னையில் வீடு தேடும் ஒரு சின்னக் குடும்பத்தின் அலைச்சலை இயக்குநர் செழியன் ‘டு லெட்’ என்று படமாகவே எடுத்தார், தேசிய விருது வாங்கியது. அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் வீட்டுக்காரர்களும் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்தான் வீடு என்பதை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமைக்கும்போது சிலருக்கு வாசனை ஒத்துக்கொள்ளாது. அதை போர்டிலேயே எழுதிவிட்டால் வருகிறவர் யோசித்து வருவார். ஆனால் நீங்கள் அண்ணா நகரில் இருந்துகொண்டு, மாம்பலத்து ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் யார் மீன் பொரிக்கிறார்கள் என்று கண்காணிப்பது எதற்காக? சாதியையும் மதத்தையும் கேட்காமல் கேட்பதற்கு அது ஒரு வழியாகிவிட்டது என்பதுதான் உண்மை. அந்த வழியை அடைத்துவிடுங்கள்.

பேச்சிலர் பையன்களைப் பற்றிய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேர் வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லிச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, குடிவருபவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுங்கள். ஆதார் நகல், போட்டோ, வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டை எல்லாம் தர நாங்கள் தயார். அவ்வளவையும் வாங்கிக்கொண்ட பிறகும் வடநாட்டுப் பையன் என்பதற்காகவோ தனியாக இருக்கும் பெண் என்பதற்காகவோ கதவைச் சாத்துவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

அடுத்தது அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகை என்பது யார் எப்போது வைத்த வழக்கமோ, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் 1,50,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 15,000. முதல் மாத வாடகை 15,000. ஆக, சாமான் ஏற்றும் வண்டிக்குக் கொடுக்கும் முன்பே 1,80,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. மாதம் 25,000 சம்பளம் வாங்கும் ஒரு நர்ஸுக்கு இது ஏழு மாதத்துக்கு மேற்பட்ட முழுச் சம்பளம். வங்கியில் வைப்பு நிதிக்கு ஏழு சதவீத வட்டி என்று கொண்டாலும், அந்த ஒன்றரை லட்சத்துக்கு வருடம் 10,500 ரூபாய் வருமானம் அவள் கையை விட்டுப் போய், உங்களுக்கு வருகிறது. இதை யாரும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பதே இல்லை. நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அந்த நகைக்கு மாதாமாதம் வட்டியும் கட்டுகிறார்கள்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது அது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டுதான் பத்து மாதம் இன்றும் நடக்கிறது. ‘வேறு விதமாக ஒப்பந்தம்’ என்றால் இருவரும் மனமொப்பிச் செய்வது. வேறு வீடு கிடைக்காமல் தலையாட்டுவதை மனமொப்புவது என்று சொல்ல முடியாது. சட்டத்தில் இருக்கும் ஓட்டையைப் பயன்படுத்தாமல் அதன் நோக்கத்தைப் பின்பற்றுங்கள். மூன்று மாதம் போதும்.

கரண்டும் தண்ணீரும் தினசரிக் கணக்கு. ஒரே சர்வீஸில் நான்கு போர்ஷனுக்கும் லைன் இழுத்து, ஆளுக்கு ஒரு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூல் செய்யும் வீடுகள் இந்தப் பேட்டையில் ஏராளம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு விளக்கோடு இருக்கும் வயதான அம்மாவுக்குத் தனி இணைப்பு இருந்தால் அவருடைய பில்லில் பெரும்பங்கு அதிலேயே கழிந்துவிடும். நான்கு வீட்டு உபயோகமும் ஒரே மீட்டரில் சேரும்போது மொத்த யூனிட் ஏறி, விலை கூடிய அடுக்குக்குப் போய்விடுகிறது. ஏசி போடாத அந்த அம்மா ஏசி போடுபவரின் விலையைக் கொடுக்கிறார். தனி இணைப்பு கேட்டு மனுக் கொடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அது முடியாத கட்டடம் என்றால், வந்த பில்லைக் காட்டி, ஆன செலவைப் பிரித்து வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் அது உங்கள் காசு இல்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஒருவரை நன்றியோடு நினைக்காமல் இருக்க முடியாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருடம். போர்வெல் வற்றிவிட்டது. பல வீடுகளில் குடித்தனக்காரர்களிடம் ‘தண்ணி இருக்கற இடமாப் பார்த்துக்கோங்கோ’ என்று சொல்லிவிட்டார்கள். சில வீடுகளில் விருந்தாளி வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நாங்கள் அப்போது இருந்த வீட்டுக்கார மாமி மட்டும், லாரி வந்ததும் சம்ப் மூடிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்கு இத்தனை குடம் என்று ஒரு நோட்டில் எழுதுவார். முதல் வரியில் தன் வீடு. எங்களுக்கு எத்தனை குடமோ அத்தனைதான் அவருக்கும். பேரன் அமெரிக்காவில் இருந்து வந்திருந்த வாரத்திலும் அவர் கூட ஒரு குடம் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சட்டம் படித்தவர் இல்லை. அத்தியாவசியத் தேவைகளை நிறுத்தி வைக்கக் கூடாது என்று இந்தச் சட்டத்தில் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது. எங்களை அவர் வாடகைக்காரர்களாகப் பார்த்ததே இல்லை, அந்த வீட்டில் இருக்கிற மனிதர்களாகப் பார்த்தார். உங்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

இனி எழுதப்போவது கொஞ்சம் கனமானது. பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் இருந்த வேறொரு வீட்டின் மாடி போர்ஷனில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை வெளிநாட்டில். வாடகை ஒரு மாதமும் ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை. ஒரு நாள் மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டாம் நாள் போய்விட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுவர ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது வீட்டு உரிமையாளரிடம் இருந்து போன் வந்தது. வாசலில் போடக் கூடாது, எங்கள் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். பெரியவரின் மனைவியான அந்த மாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போனைக் கையில் வைத்திருந்தவள் நான். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். சொன்னதும் அவர் அழவில்லை. “அவர் தினமும் உட்கார்ந்து பேப்பர் படிச்ச திண்ணையிலே அரை மணி நேரம் வைக்க முடியாதா?” என்று மட்டும் கேட்டார். முடியவில்லை. மார்ச்சுவரியில் இருந்து நேரே கண்ணம்மாபேட்டைக்கு எடுத்துப் போனோம். செய்ய வேண்டிய சடங்கு எல்லாம் அங்கே கிடைத்த நிழலில் நடந்தது. தெருவில் அவரைத் தெரிந்த இஸ்திரிக்காரரும் பால் போடுகிறவரும் கடைசியாக ஒரு முறை முகம் பார்க்க வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பத்தாம் நாள் காரியத்தையும் மண்டபத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாம் மாதம் அந்த மாமி பிள்ளை ஏற்பாடு செய்த முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்.

அந்த உரிமையாளரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெரியவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து மாடிக்குக் கொடுத்தனுப்பியவர் அவர். வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு, வீட்டின் பேர் கெட்டுவிடும், அடுத்து யாரும் குடிவர மாட்டார்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நம்புகிறார். ஆனால் உங்கள் வீட்டில் உங்கள் அப்பா இறந்தபோது அவரை எங்கே வைத்தீர்கள்? கூடத்தில், வடக்கு தெற்காக, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்தீர்கள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. மனுஷனாகப் பிறந்தவருக்குக் கடைசியாகக் கிடைக்க வேண்டிய மரியாதை அது. பதினாறு வருடம் வாடகை கொடுத்தவருக்கு அந்த மரியாதையை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. வயதானவர்களுக்கு வீடு கொடுக்கத் தயங்குபவர்கள் இங்கே அதிகம் என்பதற்கும் இந்தத் தீட்டுப் பயமே காரணம். உங்கள் பெற்றோருக்கும் வயதாகியிருக்கும், உங்களுக்கும் ஒரு நாள் ஆகும். இந்த வழக்கத்தை உங்கள் தலைமுறையோடு நிறுத்துங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வருவது. ‘பைப் பார்க்கணும்’, ‘சுவர்ல ஈரம் இருக்கான்னு பார்க்கணும்’ என்று கதவைத் தட்டிய கையோடு நேரே படுக்கையறை வரை போய்விடுகிறீர்கள். வீடு முழுவதும் ஒரே ஒரு அறை. அதில்தான் துணி மாற்றுகிறோம், தூங்குகிறோம், உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறோம். உள்ளே வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. எங்களுக்கு வாட்ஸப்பில் ஒரு வரி போட்டாலே போதும். தரையில் கிடக்கும் துணியை எடுத்து வைத்துவிட்டு, காபியும் போட்டு வைப்போம்.

காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இன்னொரு வழக்கம். எட்டு வருடம் இருந்தவரிடமும் பிடிக்கிறார்கள், எட்டு மாதம் இருந்தவரிடமும் பிடிக்கிறார்கள். பல வீடுகளில் அந்தப் பணத்தில் பெயின்ட் அடிப்பதும் இல்லை, அடுத்தவர் அதே எண்ணெய்ப் பிசுக்குச் சுவருக்குத்தான் குடிவருகிறார். பராமரிப்பில் எது யார் பொறுப்பு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. எழுத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை, வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உங்கள் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது, சுவிட்ச் போனால் மாற்றுவது போன்றவை எங்கள் பொறுப்பு. நியாயமான பங்கீடு. நாங்கள் உடைத்ததற்குப் பணம் பிடியுங்கள், மறுக்க மாட்டோம். காலத்தால் மங்கிய சுண்ணாம்புக்கு எங்களிடம் பிடிக்காதீர்கள். பிடித்தம் போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ‘அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தரேன்’ என்பது எங்களைப் புது வீட்டு அட்வான்ஸுக்குக் கடன்காரர்களாக்குகிறது. எங்கள் பணம் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்றுதானே கொடுத்தோம்?

உங்கள் பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ஓய்வூதியம் இல்லாமல் இந்த ஒரு வாடகையை நம்பி வாழும் பெரியவர்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். ஆறு மாதம் வாடகை தராமல், காலி செய்யவும் மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்ட குடித்தனக்காரரால் மருந்துக்குப் பணமில்லாமல் தவித்தவர்களும் இருக்கிறார்கள். பழைய சட்டத்தில் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த கதைகள் உங்கள் வீடுகளில் உண்டு. அந்தப் பயத்தில்தான் பத்து மாத அட்வான்ஸும் பதினோரு மாத அக்ரிமென்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-இன் பதிவுச் சட்டம் சொல்வதால், அதில் இருந்து ஒதுங்கத்தான் பதினோரு மாதம் என்ற ஏற்பாடு.

அந்தப் பயத்துக்குப் புதுச் சட்டத்தில் மருந்து இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் வெளியேற்றக் கேட்கலாம். உங்கள் அனுமதி இல்லாமல் வேறு ஒருவருக்கு உள்வாடகை விட்டாலும் கேட்கலாம். காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரு மடங்கு வாடகை கேட்கவும் வழி இருக்கிறது. இவ்வளவும் உங்களுக்காக எழுதப்பட்டவை. பதிவு செய்தால் வருமான வரி வரும் என்று பயப்படுகிறீர்கள். வாடகை வருமானத்தில் வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதத்தை எந்தப் பில்லும் இல்லாமலே கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறது. வேறு பெரிய வருமானம் இல்லாத பலருக்கு வரி கட்ட வேண்டியே வராது. நீங்கள் பான் எண் தர மறுப்பதால் எங்களுக்கு என்ன ஆகிறது தெரியுமா? பழைய வரி முறையில் இருப்பவர் வருடம் ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து, அதற்கு வீட்டு வாடகைப் படிச் சலுகை கேட்டால், அலுவலகத்தில் உங்கள் பான் எண் கேட்பார்கள். இல்லை என்றால் சலுகை இல்லை. நீங்கள் மறைக்கும் வருமானத்துக்கு நாங்கள் வரி கட்டுகிறோம்.

ஆகவே என் வேண்டுகோள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள், அந்த மாதங்களில் காலி செய்யச் சொல்லாதீர்கள். அடுத்த டு-லெட் போர்டை மாட்டும் முன், ஒரு மாலை நேரத்தில் இந்தச் சட்டத்தின் தமிழ் விளக்கத்தை யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாத அட்வான்ஸ், பதிவு செய்த ஒப்பந்தம், மாதா மாதம் ரசீது, உண்மையான கரண்ட் பில் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வருகிறவரிடம் வேலையைக் கேளுங்கள், சம்பளச் சான்றைக் கேளுங்கள், முன்பு இருந்த வீட்டுக்காரரின் எண்ணைக் கேளுங்கள். சாதியைக் கேட்காதீர்கள், மதத்தைக் கேட்காதீர்கள், கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள். வயதானவர்கள் வந்தால் அவர்கள் உங்கள் வீட்டில் நிம்மதியாக வாழலாம் என்றும், காலம் வந்தால் அந்த வீட்டு வாசலில் இருந்தே கடைசியாகப் புறப்படலாம் என்றும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துக்கும் நான் வாக்குத் தருகிறேன். ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். சுவரில் ஆணி அடிக்கும் முன் கேட்போம். குழாயை மூடிவிட்டுத்தான் வெளியே போவோம். நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்கள் துளசி மாடத்துக்கும் தண்ணீர் ஊற்றுவோம். என் அம்மா இப்போதே ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அடுத்த மாதம் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. இந்த மடலைப் படித்துவிட்டு, இதன்படி வீடு தரத் தயாராக இருக்கும் உரிமையாளர் இந்தப் பேட்டையில் யார் இருந்தாலும், நானும் அம்மாவும் பால் காய்ச்சக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கும் ஒருத்தி